"ஆல்டர்னேட்டர் போயிடுச்சு" என்று சொல்வதற்கு முன்: கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக்குகளுக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கும்,

வணக்கம். பானெட்டுக்குள்ளிருந்து இரைச்சல் வருகிறது என்று உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நீங்கள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆல்டர்னேட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்றால் தலையாட்டத்தான் அவர்களால் முடியும். பேட்டரியைச் சார்ஜ் செய்ய மின்சாரம் தயாரிக்கிற அந்தக் கருவியைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில், இரைவது ஆல்டர்னேட்டர்தானா? அதைச் சுற்றுகிற அதே பெல்ட்டில், பெல்ட்டை இறுக்கமாக வைக்கிற டென்ஷனர் இருக்கிறது, பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற ஐட்லர் புல்லி இருக்கிறது, பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் இருக்கிறது. எது கரகரத்தாலும் வெளியே கேட்பது ஏறக்குறைய ஒரே சத்தம்தான். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பேரிங் தேய்ந்திருந்தால் சொரசொரப்பு விரலிலேயே தெரியும், ஆட்டமும் தெரியும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கீச்சிட்டுப் பிறகு அடங்கிவிடுகிற சத்தமென்றால் பெல்ட்டின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். சில ஆல்டர்னேட்டர்களின் புல்லிக்குள் ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் இருக்கும். அது இறுகிப்போனாலும் பெல்ட் அதிரும், டென்ஷனர் தடதடக்கும். அந்தப் புல்லியை மட்டும் தனியாக மாற்ற முடியும் என்பது உங்களுக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியாது.

சரி, ஆல்டர்னேட்டர்தான் என்றே உறுதியாகிறது. அப்போதும், சத்தம் போடுகிற ஆல்டர்னேட்டரெல்லாம் செத்துப்போன ஆல்டர்னேட்டர் இல்லை. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே ரோட்டர் ஏறக்குறைய 2 முதல் 3 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தையும், கூடவே பெல்ட்டின் இழுவையையும் இன்ஜின் சூட்டையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவது முன்னும் பின்னும் இருக்கிற 2 பேரிங்குகள். கிரீஸ் காய்ந்துபோனால் அவை இரையும். அதனால் ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கிற செம்புச் சுருளான ஸ்டேட்டர் வைண்டிங்கோ, வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரோ கெட்டுவிட்டதாக ஆகாது. சின்னதொரு பேரிங்குக்காக நல்ல செம்புச் சுருள் முழுவதையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே மீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் பொதுவாகச் சார்ஜ் ஆகிறது என்று பொருள். புதிய வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்குவதால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு மறுபடி பாருங்கள். லோடு ஏறும்போது ரீங்காரமும் கூடினால், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுகிற டயோடின் மேல் சந்தேகம் வரவேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு பலகையைச் சோதிக்காமல் விடாதீர்கள். ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கிற பழைய வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் நன்றாக இருக்கிற ரெகுலேட்டரையும் வண்டியின் கம்ப்யூட்டரையும்கூடத் தீர்த்துவிடும்.

எல்லாவற்றையும் ரிப்பேரே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து, வெளிவளையம் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் புது பேரிங் நெடுநாள் நிற்காது. ரோட்டர் ஸ்டேட்டரில் உரசிய தடம் இருந்தாலோ, வைண்டிங் கருகி வாடை அடித்தாலோ, ரோட்டரில் கார்பன் பிரஷ் உரசுகிற ஸ்லிப் ரிங் ஆழமாகக் குழிந்து கூடவே டயோடும் போயிருந்தாலோ மாற்றுவதே நியாயம். உதிரிபாகமே கிடைக்காத மாடலுக்கும் வேறு வழியில்லை. பேரிங்கோ பிரஷ்ஷோ புல்லியோ மட்டும் என்றால் ரிப்பேர்தான் என் முடிவு. ஆனால் கழற்றுவது என்று ஆனபின் 2 பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள், கார்பன் பிரஷ்ஷின் நீளத்தையும் பார்த்துவிடுங்கள். கழற்றி மாட்டுகிற வேலைதான் பெரிது. அதை இரண்டு முறை செய்ய வைக்காதீர்கள்.

ரீகண்டிஷன் செய்ததைப் போடுவதாக இருந்தால், உள்ளே எதெது புதிது என்று வாங்குகிற இடத்தில் கேட்டு வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். வெளியே பெயின்ட் அடித்திருப்பதை வைத்து உள்ளே பேரிங் மாறியிருக்கிறது என்று நம்பிவிட முடியாது. பழையதன் ஆம்பியர் அளவுக்குக் குறைந்ததைப் பொருத்தாதீர்கள்.

"கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாமா?" என்று கேட்கிறவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பேரிங் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் அறுந்துபோகலாம். அந்த பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப்பும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் சூடேறிவிடும். செலவுக்கு யோசிப்பவருக்கு இதுவும் தெரிந்தால்தான் அவர் எடுக்கிற முடிவு அவருடையதாக இருக்கும்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய பேரிங்கை அவர் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் "ஆல்டர்னேட்டர் வேலை" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்த பாகம் மாறியது, வேலைக்கு முன்னும் பின்னும் எத்தனை வோல்ட் இருந்தது என்று எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு கார் உரிமையாளர்