அந்தப் பத்து விநாடியை எங்களுக்குக் கொடுங்கள்

எங்கள் சாலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே, ராமேஸ்வரம் நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும் கடலோரக் கிராமம் எங்களுடையது. ஊருக்குள் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கக் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்களிடம் இருக்கின்றன. பழைய விபத்துகளை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை.

போன வாரம் விடியற்காலையில், தண்ணீர் வண்டியோடு சாலையைக் கடந்த இரண்டு பெண்கள் மேல் ஒரு சுற்றுலா வேன் பாய்ந்து வந்தது. ஒருவர் வண்டியை விட்டுவிட்டு மற்றவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தார். வண்டி நொறுங்கிவிட்டது. விழுந்தவருக்கு வலது மணிக்கட்டு முறிவு. வேன் நிற்கவே இல்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, நல்லவேளை என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். கருவாட்டுக்கு மீன் கீறிப் பிழைக்கிறவருக்கு வலது கை இல்லாமல் அடுப்பு எப்படி எரியும்?

அந்தத் தண்ணீர் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரில் போகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எட்டுக் குடம் வைக்கிற தள்ளுவண்டி. குடங்கள் நிறைந்தால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். எங்கள் கிணறுகள் உவர்த்துப்போனதால் காவிரிக் குடிநீர்தான் கதி. அந்தக் குழாய் சாலைக்குத் தெற்கே இருக்கிறது, வீடுகளில் பாதிக்கு மேல் வடக்கே. சாலையோரம் முழுக்க மணல். நிறை வண்டியின் சக்கரம் மணலில் புதையும், தார் விளிம்பு மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்து ஒரே உந்தாக உந்தினால்தான் ஏறும். ஏறிவிட்டால் பின்வாங்க முடியாது. எதிரே வேன் வருவதைப் பார்த்தாலும் முன்னால்தான் தள்ளியாக வேண்டும்.

அந்தத் தார்ச்சாலையைக் கடக்க நிறை வண்டிக்குப் பத்து விநாடி ஆகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வேன் அதே பத்து விநாடியில் 220 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எங்கள் வளைவில் சீமைக்கருவேலம் மறைப்பதால் 150 மீட்டருக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதாவது, சாலை காலியாக இருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் பெண்கள் இறங்குகிறார்கள். நடுச்சாலைக்கு வரும்போது வேன் முளைத்து நிற்கிறது. அதே வேன் 40-இல் வந்தால் பத்து விநாடியில் ஏறத்தாழ 110 மீட்டர்தான் வரும். ஒரு வண்டி கடந்து முடிக்க அது போதும். ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஊருக்குள் வேகத்தை 40-க்குக் குறையுங்கள், அதை நடைமுறையில் கொண்டுவாருங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போட விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. சரி, விதியை மீறச் சொல்லவில்லை. ஊரின் இரு முனையிலும் அதிர்வுப் பட்டைகள் போடலாம். வேக எல்லைப் பலகையும் ஒளிரும் விளக்கும் வைக்கலாம். விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம் பேரிகார்டு நிறுத்தலாம். அமைச்சர்கள் வருகிற நாளில் ஒரே இரவில் பேரிகார்டுகள் வந்து இறங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வேகமாக ஓட்டினால் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு சொல்கிறது. எங்கள் ஊரில் அதற்காக ஒரு வண்டியை நிறுத்தியதைக் கண்டவர் யாருமில்லை. மனிதரும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் 30-க்கு மேல் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. நாங்கள் 40 தான் கேட்கிறோம்.

ஓட்டுநர்களின் அவசரமும் எங்களுக்குத் தெரியும். இரவெல்லாம் கண் விழித்து ஓட்டி வருகிறார்கள். ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்குள் கோயில் வாசலில் இறக்கிவிட வேண்டும். 2017-இல் தனுஷ்கோடிக்கு அப்பால் கடல்முனையான அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு சூரிய உதயம் பார்க்கப் பறக்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குழாயில் தண்ணீர் வருவதும் அதே நேரம்தான். வெளியூர்க்காரர்களை மட்டும் குறை சொல்லவில்லை. மீன் ஏற்றப் போகும் எங்கள் பக்கத்து மினி வேன்களும் அப்படித்தான் போகின்றன. அவர்களையும் சேர்த்தே தடுங்கள்.

வீட்டுக்கு வீடு குழாய் பதித்துவிட்டுப் போனார்களே, அதில் தண்ணீர் வந்திருந்தால் இந்தப் பெண்கள் ஏன் இருட்டில் நெடுஞ்சாலையில் நிற்கிறார்கள்? சாலையை அகலப்படுத்த அளந்தவர்களுக்கு, அதைக் கடந்து போக வழி வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தனியாக மனு தருகிறோம். இந்த மடல் வேகத்தைப் பற்றியது மட்டும்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் தை வரை ஓயாது. அதற்குள் ஊருக்குள் 40 என்பதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவராவது விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் குழாயடிக்கு வாருங்கள். பேரிகார்டு தள்ளவும் விளக்குப் பிடிக்கவும் ஆள் வேண்டுமென்றால் ஊர் இளைஞர்கள் முறை வைத்து வருவார்கள். பெயர்ப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சாலையின் இருபுறமும் குடியிருக்கும் ஊர் மக்கள் சார்பாக