குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். குடிநீர், தெருவிளக்கு விவரங்களை மாதக் கூட்டங்களிலேயே பேசிவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் கையில் எடுத்த உடல்நல வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் தெருவுக்கு வரும் அக்கா வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார். "மாத்திரையை நான் கொண்டாந்து தர்றேன், சாப்பாட்டையும் நடையையும் நீங்கதான் பாத்துக்கணும்" என்று அவர் சொன்னதிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

முதலில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலை 5.30 மணிக்கு நடை வைத்தோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு சுற்றுக்கு அரை மணி நேரம். வாரம் ஐந்து நாள் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் ஆகிவிடும். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியில் டிபன் கட்டிக்கொண்டிருந்தார்கள். இது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பிள்ளைகள் டியூஷனில் இருக்கும் மாலை 6 முதல் 7 வரைதான் தங்களுக்குக் கிடைக்கும் நேரம் என்று ஓர் உறுப்பினர் எடுத்துச் சொன்னார். மாலை நடையும் தொடங்கினோம். இன்று காலைக் கூட்டத்தைவிட மாலைக் கூட்டம்தான் பெரிது. தைத் தெப்பத் திருவிழா நாட்களில் மட்டும் நெரிசலால் நிறுத்தினோம்.

அடுத்தது உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான் இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன் மேலேயே எழுதச் சொன்னோம். எங்கள் வீட்டில் மூன்று பேர். ஒரு கிலோ சரியாக 30 நாளில் தீர்ந்தது. கீரை, மீன் கழுவப் போனதைக் கழித்தாலும் அளவு மிக அதிகம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. இப்போது அதே பாக்கெட் 45 நாள் வருகிறது. இன்னும் குறைக்க வேண்டும்.

கூட்டங்களில் கேசரி, பஜ்ஜியை நிறுத்திச் சுண்டலும் கம்பங்கூழும் கொடுத்தோம். முதலில் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வைத்தோம். உப்புக் கணக்குப் பார்த்த பிறகு சின்ன வெங்காயத்துக்கு மாறினோம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கம்பும் மாவுச்சத்துதான். சிறுதானியம்தானே என்று சர்க்கரை உள்ளவர்கள் இரண்டு சொம்பு குடிக்கக் கூடாது.

ஞாயிறு மாலைகளில் தெருவின் கீழ்முனையில் வண்டி நிறுத்தாமல் ஒத்துழைத்த வீட்டுக்காரர்களுக்கு நன்றி. பிள்ளைகள் அங்கே பாண்டியும் நொண்டியும் விளையாடுகிறார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள். முழங்கால் வலியால் நடக்க முடியாத மூத்தவர்களுக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளைச் சங்க அறையில் தொடங்க வேண்டும்; சொல்லித்தரத் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள். அப்புறம், மாலை நடைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்து வர, முறை வைத்து இரண்டு பேர் வேண்டும். அந்தப் பட்டியலில் ஆண்கள் முதலில் கையெழுத்திடுங்கள்.

இவண்,
செயலாளர்