எல்லாத்துக்கும் கவனயீனம்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரின்ர உள்பக்கத்தில, வெளிநாட்டில ஏதோ சின்ன ஏர்போட் ஒண்டில பிரைவேட் ஜெட்டை ஹேங்கருக்குள்ள, அதுதான் பிளேன் நிப்பாட்டுற கொட்டகைக்குள்ள, இழுக்கேக்க இறக்கை கதவில அடிபட்டதெண்டு போட்டிருந்தீங்கள். கடைசி வரி, "ஊழியரின் கவனயீனமே காரணம்". விசாரணை உங்கட ஒபிஸிலயே முடிஞ்சுது போல, நல்லது.

நான் வளைகுடாவில ஜெட் இழுக்கிற ட்ரக்டர் ஓட்டினவன். உங்களுக்குத் தெரியாததில்லை, ஜெட்டின்ர இறக்கை பின்பக்கமாச் சரிஞ்சிருக்கும், திருப்பேக்க நுனி நாங்கள் நினைக்கிறதை விட வெளியால வளைஞ்சு போகும், ட்ரக்டரில இருக்கிறவனுக்கு அது தெரியாது. அதுக்குத்தான் ரெண்டு இறக்கைக்கும் ஒவ்வொராள், வாலுக்கு ஒராள் கூட நடந்து வரவேணும். எங்களுக்குத் தந்தது ஒரே ஒரு பெடியன், கையில டோர்ச், விசில் கேட்டால் அடுத்த மாசம் வருமாம். முன்சில்லுப் பக்கம் சிவப்புக் கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டித் திருப்பினால் ஸ்டியரிங் உடைஞ்சிடும், என்ர கண் அதில. முதலாளி போனில, நிறைஞ்ச ஹேங்கருக்குள்ள இன்னொண்டையும் செருகு எண்டு கத்துறார்.

ஒரு இரவு இறக்கை நுனி தூணில உரசினது. நகம் அளவு கீறல். பெடியன் தானாப் போய்ச் சொன்னான், சம்பளத்தை வெட்டி ஊருக்கு அனுப்பிச்சினம். அதுக்குப் பிறகு அங்க ஒருத்தனும் கீறல் கண்டதெண்டு வாய் திறக்கேல்ல. இறக்கை கார்பன் ஃபைபர் எண்டால் மேல ஒண்டும் தெரியாது, உள்ளுக்க அடுக்குகள் பிரிஞ்சு கிடக்கலாம், விடிய அதே ஜெட்டில ஆக்கள் ஏறிப் பறப்பினம். உங்கட "கவனயீனம்" செய்யிற வேலை இதுதான் ஐயா.

2025 பெப்ரவரியில அமெரிக்காவில அரிசோனா ஸ்கொட்ஸ்டேல் ஏர்போட்டில ஒரு லியர்ஜெட் தரையிறங்கி, ஓடுபாதையை விட்டு விலகி, சும்மா நிப்பாட்டி வச்சிருந்த கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டில அடிச்சு பைலட் செத்துப்போனார். தலைப்பில வந்தது ஆரின்ர பேர்? ஜெட்டின்ர சொந்தக்காரரான ரொக் பாடகரின்ர பேர், அவர் உள்ளயே இருக்கேல்ல. செத்தவரின்ர பேர் எத்தினை பேருக்கு ஞாபகம்?

இஞ்சயும் அதே கதைதானே. பஸ் அடிபட்டால் சாரதியின் கவனயீனம், ரயில் கடவையில ஓட்டோ அடிபட்டாலும் கவனயீனம், அங்க கேட் இல்லாதது மட்டும் உங்கட நிருபருக்குக் கண்ணில படாது. இரத்மலானைக்கும் பிரைவேட் ஜெட் வருது, நாளைக்கு அங்க ஒண்டு உரசினாலும் இதே வரியை எடுத்து ஒட்டுவீங்கள் எண்டு நினைக்கிறன்.

அந்தச் செய்திக்கு மேல நீங்கள் போட்ட படம் வேற, நாலு எஞ்சின் ஜம்போ! பேப்பர் விலை மட்டும் ஏறுது. சரி, பெரிசா ஒண்டும் கேக்கேல்ல, அந்தப் படத்தையாவது திருத்திப் போடுங்கோ. போன வருசம் எங்கட ஒழுங்கையில தண்ணி நிக்கிறதைப் பற்றி நான் எழுதினதை நாலு வரியா நறுக்கின மாதிரி இதையும் நறுக்கவேணுமெண்டால் ஸ்கொட்ஸ்டேலை வெட்டுங்கோ, அந்தப் பெடியனை வெட்டாதேங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ட்ரக்டர்காரன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6