கறள் ஆணியும் வன்னித் தேனும்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பத்மா,

இங்கே மூன்று நாளாக மழை. எங்கள் ஒழுங்கை முனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று இன்றுதான் வடிந்தது. மூட்டு வலியைத் தவிர நான் சுகம். உன் தேசிக் கன்றுகள் வேர் பிடித்துவிட்டன என்று சொன்னது சந்தோஷம்.

ஆனால் அதே மூச்சில், மாட்டெரு போட்ட பாத்தியில் நின்றபோது பழைய வேலிக்கட்டை ஆணி உள்ளங்காலில் ஏறியதாகவும், கறள் பிடிக்காத ஆணி என்பதால் பயமில்லை என்றும் சொன்னாய். ஏற்பு (ரெட்டனஸ்) ஊசி போடச் சொன்னேன். "பார்ப்பம்" என்று போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். பேரன் இதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் இப்போதே அனுப்புவான்.

கறளுக்கும் ஏற்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பத்மா. கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். ஒட்சிசன் பட்டால் வளர முடியாத பற்றீரியா அது. காற்றும் வெயிலும் பட்டால் வித்தியாக, அதாவது கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி, சுருண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தீக்குச்சி மாதிரி இருக்கும், ஒரு நுனியில் உருண்டைத் தலை. அந்தத் தலைதான் வித்தி. கொதிநீரும் ஸ்பிரிட்டும் அதை லேசில் கொல்லாது. 1889இல் பேர்லினில் கிட்டசாட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இந்தக் கிருமியைத் தனியே பிரித்தது இந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான். சீழை 80 பாகை வரை சூடாக்கினார்; மற்றவை செத்தன, இதன் வித்திகள் மிஞ்சின. ஆணி போட்டது ஆழமான, ஒடுங்கிய துளை. மேல்தோல் மூடிக்கொண்டதும் உள்ளே காற்றில்லை. வித்தி விழித்துக்கொள்ள அது போதும்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை பழகிய நாளில் பெரியவர் ஒருவர் எனக்குக் கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றைக் காட்டினார். அதில் இருந்தது ஏற்புக் கிருமி அல்ல, காயத்தை வாயு கட்டி அழுகவைக்கும் அதன் உறவுக்காரன். முட்டை மஞ்சள் கருக் கலந்த ஊடகம். ஒரு பாதியில் நஞ்சை முறிக்கும் எதிர்நச்சைத் தடவி, இரண்டு பாதிக்கும் குறுக்கே கிருமியைக் கோடாக இழுத்திருந்தார். மறுநாள் கிருமி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தது. ஆனால் எதிர்நச்சு இல்லாத பக்கத்தில் மட்டும் கோட்டைச் சுற்றிப் பால் படர்ந்தது போல மங்கல். "பிள்ளை, கிருமி இரண்டு பக்கமும் இருக்கு. வேலை செய்யிறது நஞ்சு" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் தட்டுப் பார்த்துவிட்டேன், அந்த ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது.

ஏற்பிலும் அதே கதை. கிருமி காலிலேயே இருக்கும். நஞ்சு நரம்பு வழியே முள்ளந்தண்டுக்கு ஏறும். தசையை இறுக்கும் நரம்புகளும் உண்டு, "போதும், விடு" என்று தளர்த்தும் நரம்புகளும் உண்டு. இந்த நஞ்சு தளர்த்தும் நரம்புகளுக்குள் புகுந்து, செய்தியை வெளியே விடும் ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. பிறகு இறுக்கத்தை விடச் சொல்ல ஆளில்லை. தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாக வளையும், கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும். உயிரைக் கொல்லும் அளவு ஒரு கிலோ எடைக்கு சுமார் 2.5 நனோகிராம் என்பது கணக்கு. உனக்கும் எனக்கும் ஒரு சீனி மணியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அவ்வளவு கொஞ்சம் என்பதால் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்க்காது. ஏற்பு வந்து பிழைத்தவருக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் எதிர்நச்சு, நரம்புக்குள் இன்னும் போகாததைத்தான் பிடிக்கும். உள்ளே போனதைத் திருப்பி எடுக்க வழியில்லை. நரம்பு தன்னைச் சரிப்படுத்தும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1962இல் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். வீட்டிலேதான் பிரசவம். தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்து அடுப்புச் சாம்பல் வைத்தார்கள். ஆறாம் நாள் பால் குடிக்கவில்லை. உதடு ஒரு மாதிரி இழுபட்டு, தொட்டால் இரண்டு கையும் முட்டியாக இறுகும். கண்ணூறு என்று நூல் கட்டினார்கள். எட்டாம் நாள் போய்விட்டான். பதினைந்து வருடம் கழித்து வகுப்பில் விரிவுரையாளர் பச்சிளங்குழந்தை ஏற்பை விவரித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பேனையை வைத்துவிட்டு எழும்பி வெளியே போனேன். கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி இலங்கையில் 1969இல் வந்தது. தாய்க்குப் போட்டால் எதிர்ப்பு பிள்ளைக்கும் போகும். மறு வருடம் கடைசித் தங்கை பிறக்கும்போது அம்மா கிளினிக்கில் போட்டுக்கொண்டார். அவள் இப்போது பக்கத்து அறையில் நித்திரை.

நீ கடைசியாகப் போட்டது சின்னவள் வயிற்றில் இருந்தபோது. முப்பது வருடம் தாண்டிவிட்டது. சுத்தமான காயத்துக்குப் பத்து வருடம், மண்ணும் எருவும் பட்ட காயத்துக்கு ஐந்து வருடம் என்பதுதான் டொக்டர்மார் பார்க்கும் கணக்கு. அறிகுறி மூன்று நாளிலும் வரலாம், மூன்று வாரம் கழித்தும் வரலாம். காயம் ஆறிவிட்டது என்று இருந்துவிடாதே. காயத்தையும் காட்டு, உள்ளே கட்டைத் துண்டு இருந்தால் எடுக்க வேண்டும்.

சரி, பிள்ளைக்குத் தேன் தொட்டு வைப்போம் என்றாயே, அந்த விஷயம். வன்னித் தேன் நல்ல தேன்தான். ஆனால் நாலு மாதப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்காதே, ஒரு வயது முடியட்டும். ஏற்புக் கிருமியின் உடன்பிறப்பு ஒன்று உண்டு, பொட்டுலினம். அதன் வித்தி தேனில் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அது தலையெடுக்க மற்றக் கிருமிகள் விடாது. பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் இல்லை. 1976இல் கலிபோர்னியாவில்தான் இதை முதலில் கண்டறிந்து சொன்னார்கள். மலச்சிக்கல், மெலிந்த அழுகை, உறிஞ்சப் பலமில்லாமை, பிறகு பிள்ளை துணி மாதிரித் துவளும். என்னை வியக்கவைத்தது இதுதான்: பொட்டுலின நஞ்சில் ஒரு வகை வெட்டுவது ஏற்பு நஞ்சு வெட்டும் அதே புரதத்தை, அதே இடத்தில். இத்தாலியில் பதுவா ஆய்வாளர்கள் 1992இல் காட்டினார்கள். ஒன்று தளர்த்தும் நரம்பில் வெட்டுவதால் உடம்பு விறைக்கிறது. மற்றது தசையைத் தொடும் நுனியில் வெட்டுவதால் துவள்கிறது.

பெயர் வைக்கும் விருந்துக்கு இறைச்சியை முதல் நாள் இரவே காய்ச்சி, கிடாரத்தில் மூடி வைப்போம் என்றாய். வேண்டாம். போன வருடம் எங்கள் வீட்டு விசேஷத்தில் அப்படித்தான் வைத்தோம்; அடுத்த நாள் விடிய இருபது பேருக்கு வயிற்றுளைவு. கிடாரத்தின் நடுவில் கறி விடியும்வரை இளஞ்சூடாகவே இருக்கும், காற்றும் இருக்காது. சூட்டுக்குத் தப்பிய இந்த இனத்து வித்திகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? அன்றே காய்ச்சு. முடியாவிட்டால் தட்டையான சட்டிகளில் பிரித்து ஆறவிட்டு பிரிட்ஜில் வை. காலையில் நன்றாகக் கொதிக்கவிடு.

மருமகன் புதன்கிழமை வவுனியா வருகிறான். பிள்ளைக்கு இரண்டு சட்டையும் உனக்கு மூக்குக்கண்ணாடிப் பெட்டியும் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போ. போட்டதும் ஊசி போட்ட துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்,
சரோ