பென்ஸ் நிற்கும் புளோக்

அன்புள்ள மணியம்,

உன் மகன் இங்கே சிங்கப்பூருக்கு வந்து போனதில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். லலிதா வைத்த மீன் தலைக் கறியை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். ஆனால் ஆஸ்திரேலியாவில் உங்கள் பெர்த்துக்குத் திரும்பியதும் உன்னிடம் சொன்னது கறியைப் பற்றி இல்லை, எங்கள் கார்பார்க்கைப் பற்றி! "அப்பா வளர்ந்த தோ பாயோவில் பென்ஸும் பிஎம்டபிள்யூவும் வரிசை கட்டி நிற்குது" என்றானாம். நீயும் அதைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் பணக்காரனாயிட்டீங்க, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லலையே" என்று எழுதியிருக்கிறாய். ஓய்வு பெற்றவனிடம் கேட்டுவிட்டாய், பதில் நீளமாகத்தான் வரும்.

பையன் பொய் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் பலமாடி கார்பார்க்கில் ஏறிப் பார்த்தால் எனக்கே சில சமயம் திகைப்பாக இருக்கும். மூன்றாம் தளத்தில் மழைக்கு மூடிவைத்த ஒரு போர்ஷ்கூட நிற்கிறது. மேலே கூரை இருக்கிறது, அதற்குமேல் அதற்கொரு துணிக் கூரை. ஆனால் அந்தக் கார்களை வைத்து எங்களை எடை போடாதே. கார் விஷயத்தில் இந்த ஊர்க் கணக்கே வேறு.

நீ இங்கிருந்து கிளம்பியபோது சிஓஇ என்கிற கார் உரிமைச் சான்றிதழ் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. 1990 மே மாதம் ஆரம்பித்தார்கள். காரை வாங்க அல்ல, காரைப் பத்து வருடம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக ஏலம் எடுக்கிறோம். 2008 நவம்பரில் சின்னக் காருக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு, அதாவது 2 சிங்கப்பூர் டாலருக்கு முடிந்தது. ஆமாம், இரண்டே வெள்ளி. நீ அப்போது திரும்பி வந்திருக்க வேண்டும். 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளிக்குப் போனது. பெரிய கார் பிரிவு 150,001. அந்த ஒற்றை வெள்ளியைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இப்போது யோசித்துப் பார். வெறும் உரிமைத் தாளுக்கே ஒரு லட்சம் கொடுத்தாகிவிட்டது. அதற்குமேல் சாதாரண ஜப்பான் கார் வாங்கினாலும் செலவு செலவுதான். இன்னும் கொஞ்சம் போட்டால் மூக்கில் நட்சத்திரம் ஒட்டிய கார் கிடைக்கும் என்று விற்பனையாளன் சொல்லும்போது, அந்த 'இன்னும் கொஞ்சம்' சின்னதாகத் தெரிகிறது. மற்ற ஊர்களில் இரண்டு கார்களுக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளியை இங்கே சிஓஇ சுருக்கிவிடுகிறது. ஐரோப்பியக் கம்பெனிகளும் இதைப் புரிந்துகொண்டு சின்ன இஞ்சினைப் பொருத்தி சின்னக் கார் பிரிவுக்குள் நுழைந்தன. அதனால்தான் 2014ல் விதியை மாற்றினார்கள். 1600 சிசிக்குள் இருந்தால் மட்டும் போதாது, திறனும் 97 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது என்றார்கள். கம்பெனிகள் சும்மா இருக்குமா? அந்த 97க்குள் அடங்குகிற மாதிரி இஞ்சினைத் தட்டி அடக்கிக் கொண்டுவந்துவிட்டன. இவற்றில் பலவும் ஏழு வருடக் கடனில் ஓடுகிறவை. காரின் மதிப்பைப் பொறுத்து விலையில் அறுபது, எழுபது விழுக்காடுவரை கடன் தருகிறார்கள். உன் மகன் பார்த்த வரிசையில் பாதி, பளபளவென்று கழுவித் துடைத்த கடன் என்று வைத்துக்கொள். இன்னும் சில, முகப்புக் கண்ணாடியில் வாடகைக் கார் வில்லை ஒட்டி ஓட்டிச் சம்பாதிக்கிறவர்களுடையவை. மொத்தக் குடும்பங்களில் சொந்தக் கார் வைத்திருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போகிறோம், நான் உட்பட.

அதற்காக எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நிஜப் பணக்காரர்களே இல்லை என்று சாதிக்க மாட்டேன். நாட்டில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீவக வீட்டில் இருக்கும்போது, டாக்டரும் இருப்பார், புளோக் கூட்டுகிறவரும் இருப்பார். புது வீடு வாங்கத்தான் வருமான வரம்பு, குடும்பத்துக்கு மாதம் 14,000 வெள்ளி. சாவி வாங்கியபிறகு நீ எவ்வளவு சம்பாதித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மானியம் வேண்டாம் என்று மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்களுக்கோ வரம்பே இல்லை. காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடி வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ரொக்கத்தோடு இறங்கி வந்தவர்கள் அதிகமாகி விலையை ஏற்றுகிறார்கள் என்றுதான் 2022 செப்டம்பரில் அவர்களுக்குப் பதினைந்து மாதக் காத்திருப்பு வைத்தார்கள். எங்கள் மாடிக்கு வந்த ஒரு தம்பதி அப்படிப்பட்டவர்கள்தான். வீட்டைப் புதுப்பிக்க மூன்று மாதம் சுவரை இடித்தார்கள். நடைபாதை முழுக்கச் சிமெண்டுத் தூசி. முடிந்தபின் ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். நல்ல பிஸ்கட்.

நாம் இருந்த காலத்தில் வசதி எப்படித் தெரிந்தது, ஞாபகம் இருக்கிறதா? 1974 உலகக் கிண்ண இறுதியாட்டம், ஜெர்மனியும் ஹாலந்தும். கலரில் காட்டிய அந்த ராத்திரி, கலர் டிவி இருந்த வீட்டு வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு! அந்த வீட்டுக்காரர் யாரையும் அழைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. கதவு திறந்திருந்தது, போய் உட்கார்ந்தோம். இல்லாவிட்டால் லிஃப்ட் நிற்கிற மாடிக்காரன், நிற்காத மாடிக்காரன் என்பதுதான் அன்றைக்கு நமக்குத் தெரிந்த ஏற்றத்தாழ்வு. உன் அம்மா லிஃப்ட் நிற்கிற மேல்மாடியிலிருந்து அரிசிப் பையோடு இரண்டு மாடி இறங்கி வருவார்கள். 2001ல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்து, பழைய புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்க வைத்தபிறகு அந்தப் பேதம் ஒழிந்தது.

இதையெல்லாம் சொன்னால் லலிதா "ஆரம்பிச்சுட்டீங்களா பழங்கதை" என்பாள். நியாயம்தான். அன்றைக்குக் கதவு திறந்திருந்ததற்கு நாம் ரொம்ப நல்லவர்களாக இருந்தது காரணமில்லை. காற்று வேண்டும், அவ்வளவுதான். ஏர்கான் வந்தது, கதவு சாத்தியது. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. அப்போது யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், சில சமயம் தெரிய வேண்டாத அளவுக்குத் தெரியும். இப்போது இருப்பது கார்பார்க்கில் வந்து நிற்கிறது, இல்லாமை கதவுக்குப் பின்னால் போய்விட்டது. உன் மகன் பார்த்ததில் தப்பில்லை. பார்க்கக் கிடைத்தது அது மட்டும்தான்.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியை உனக்குத் தெரியும், உன் தங்கை கல்யாணத்துக்கு வந்து ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தாரே, அவர்தான். கணவர் போய்விட்டார். ஐந்தறை வீடு, கடன் ஒரு காசு இல்லை. வீட்டு முகவர்கள் வாரம் தவறாமல் கேட் கம்பியில் அட்டை செருகிவிட்டுப் போகிறார்கள், "உங்கள் புளோக்கில் வாங்க ஆள் தயார்" என்று. எட்டு லட்சத்துக்குக் குறையாது என்கிறான் ஒருவன். அந்த எட்டு லட்சத்துச் சொந்தக்காரி ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு மணி நேரம் ஏர்கான் போட்டு, அறை குளிர்ந்ததும் நிறுத்திவிட்டு மின்விசிறிக்கு மாறுகிறார். காய்கறி, மீன் விற்கிற ஈரச்சந்தையில் கடை கட்டுகிற நேரம் விலை குறைந்தபின் கீரை வாங்குகிறார். வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போகலாமே என்று ஒருநாள் கேட்டேன். நம் பழைய சந்தை மலாயில் பதில் வந்தது: "ஜுவால், மானா மாவ் பெர்கி?" விற்றால் எங்கே போவது. வீவக வீடு குத்தகை வீடுதானே, அந்தக் குத்தகையில் மிச்சமுள்ள வருடங்களில் ஒரு பகுதியைக் கழகத்துக்கே திருப்பி விற்று மாதாமாதம் பணம் பெறும் திட்டம் 2009 முதல் இருக்கிறது, பெரிய வீடுகளுக்கும் இப்போது உண்டு. எடுத்துச் சொன்னேன். பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்கிறார். பிள்ளைகள் இருவரும் காண்டோவில் இருக்கிறார்கள்! இதற்குமேல் அடுத்த வீட்டுக் கணக்கில் நான் என்ன சொல்வது?

மில்லியன் வெள்ளி வீடுகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். முதலில் குவீன்ஸ்டவுனில் 2012ல் உள்ளேயே இரண்டு தளம் உள்ள ஒரு எக்சிகியூட்டிவ் மாடி வீடு பத்து லட்சத்துக்குப் போனபோது பேப்பரில் போட்டு மாய்ந்தார்கள். 1964ல் அதே குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டை 6,200 வெள்ளிக்கு விற்றார்கள் என்பதை நினைத்துக்கொள். 2024ல் மட்டும் 1,035 வீடுகள் பத்து லட்சத்தைத் தாண்டின. மொத்த மறுவிற்பனையில் அது சின்னப் பங்குதான், ஆனாலும் இப்போது பேப்பரில் அது செய்தியே இல்லை. நம் தோ பாயோவில் எம்ஆர்டி பக்கத்திலுள்ள புது புளோக்குகளும் அந்தப் பட்டியலில் உண்டு. டக்ஸ்டனில் ஐம்பது மாடி எழுப்பியிருக்கிறார்களே, அந்த நிலத்தில் அறுபதுகளில் வீவக கட்டிய வாடகை புளோக் இரண்டு நின்றன. அந்த இடத்திலேயே இன்றைக்கு மில்லியன் வெள்ளிக்கு வீடு கைமாறுகிறது.

எனக்கு மனத்தாங்கல் இதில்தான். காரில் பணம் போட்டவன் தன் பணத்தை எரிக்கிறான், அது அவன் பாடு. ஆனால் புது வீவக வீட்டுக்கான குலுக்கலில் நல்ல இடத்தில் வீடு விழுந்தவன் ஐந்து வருடம் இருந்துவிட்டு விற்று ஒரே தாவில் வேறு உயரத்துக்குப் போகிறான். அதே வருடம், அதே சம்பளத்தில் ஊர்க்கோடியில் வீடு விழுந்தவன் அங்கேயே இருக்கிறான். இரண்டு பேருக்கும் கிடைத்தது பொதுப்பணத்தில் வந்த சலுகைதான். இதை அரசாங்கமும் பார்த்துத்தான் 2021 நவம்பரில் ரோச்சோரில் புது முறையை ஆரம்பித்தது. பத்து வருடம் குடியிருந்தபின்தான் விற்கலாம், விற்கும்போது ஆறு விழுக்காட்டைக் கழகத்துக்குத் திருப்பித் தர வேண்டும், வாங்க வருகிறவருக்கும் வருமான வரம்பு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து 'பிளஸ்', 'பிரைம்' என்று பெயர் வைத்து இன்னும் பல இடங்களுக்கு விரித்திருக்கிறார்கள். என் மருமகன் இதைக் கேட்டதும் முகம் சுளித்தான். "பத்து வருஷமா?" என்றான். வீடு என்பது குடியிருக்கத்தானே என்று கேட்டேன். "உங்க காலத்துல, மாமா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டையிலேயே வாடகை புளோக் ஒன்று இருக்கிறது. ஓரறை, ஈரறை வீடுகள், நடைபாதையில் கதவுக்குக் கதவு நெருக்கமாக. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு ஓரறை வீட்டின் மாத வாடகை 26 வெள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறது. எங்கள் கார்பார்க் கட்டணமே அதைவிட எத்தனையோ மடங்கு. கூரை உள்ள இடத்துக்கு மாதம் 110 வெள்ளி. புளோக்கின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எங்கள் சுவரில் ஜன்னலுக்கு ஜன்னல் ஏர்கான் பெட்டி தொங்குகிறது, அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கீழே இறங்கி விளையாட்டுத் திடலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து எவன் எந்த புளோக் என்று சொல், பார்க்கலாம். எல்லார் காலிலும் ஷூ, எல்லார் கையிலும் போன். தவணையில் எதையும் வாங்கலாம். நம் காலத்தில் கிழிந்த செருப்பே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பையன்களிடம் இல்லாதது கண்ணில் படாது: உட்கார்ந்து படிக்க ஒரு மேசை, துணைப்பாட வகுப்புக்குக் கட்டப் பணம், சனி ஞாயிறில் வேலைக்குப் போகாத அப்பா. நான் வாரம் ஒருமுறை சமூக மன்றத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். அங்கே வருகிற ஒருவன் பாடம் முடிந்தும் கிளம்ப மாட்டான். ஏர்கான் நிறுத்தும்வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பான். முதலில் படிப்பில் அவ்வளவு ஆர்வம் என்று நினைத்தேன். வீட்டில் ஆறு பேர் என்று பிறகு தெரிந்தது. இப்போது நானும் அவசரப்பட்டு சுவிட்சை அணைப்பதில்லை.

புதிய சில இடங்களில் வாடகை வீட்டையும் சொந்த வீட்டையும் ஒரே புளோக்கில் கலந்து கட்டுகிறார்கள். நல்ல வேலை என்றுதான் நினைக்கிறேன். 1989ல் இன விகிதம் வைத்து நம்மைக் கலந்து வைத்தார்கள், அப்போது முணுமுணுத்தவர்கள்கூட இன்று அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வசதியைக் கலந்து வைப்பது அதைவிடக் கடினம். இனம் பேரிலேயே தெரிகிறது, வசதி வருடா வருடம் மாறுகிறது.

சரி, போதும். டிசம்பரில் வருவதாக இருந்தால் ஹோட்டல் பார்க்காதே, விலை கேட்டால் மயங்கிவிடுவாய். எங்கள் சின்ன அறை காலியாகத்தான் இருக்கிறது, ஏர்கானும் உண்டு. லோரோங் 8 காளியம்மன் கோயிலுக்கு லலிதா உன் பெயரில் ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாளாம், உன் முழங்கால் சம்பந்தமாக. ஆபரேஷன் தேதி தெரிந்ததும் எழுது. கூடவே, பெர்த்தில் உன் வீட்டை விற்றால் இப்போது எவ்வளவு வரும் என்பதையும் எழுது. நான் கேட்கவில்லை, லலிதா கேட்கிறாள்.

அன்புடன்,
கணேசன்