கரித்தணலில் சுட்ட கறி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தோட்டப்புறப் பட்டணத்திலும் எரிவாயு அடுப்பில் கோழி வாட்டும் வழக்கம் பெருகிவரும் இவ்வேளையில், பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் ஏறத்தாழ 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்படும் பக்காவ் எனும் அலையாத்தி மரத்தைக் கோலா செபத்தாங் ஊரின் சூளைகளில் மூட்டமிட்டு எடுக்கும் கரியின் அருமையை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அது நெடுநேரம் நின்று எரியும்.

சுடர் அடங்கி, கரித்துண்டுகளின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகே, மஞ்சளும் மிளகாயும் சீரகமும் தடவி ஊறிய ஆட்டிறைச்சியைக் கம்பிவலையில் இட வேண்டும். உருகிச் சொட்டும் கொழுப்பு தணலில் பட்டு எழுப்பும் புகையே கறியில் ஏறி அந்தத் தனி மணத்தைத் தருகிறது. பொறுமையற்றோர் (எங்கள் வீட்டு இளைஞர்கள் உட்பட) மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அவ்வாடை கறியை விட்டு எளிதில் அகலாது. காய்ந்த கொட்டாங்கச்சி இரண்டு போதுமே.

இங்ஙனம்,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்