பெயர் கேட்டதா குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுங்கையூரில் காய்ச்சலில் புலம்பிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், ‘ஆம்புலன்சில் வந்தவர்கள் உடனே தூக்கிச் செல்லாமல், பெயர் என்ன, இது எந்த இடம் என்று விசாரித்து நேரத்தைக் கடத்தினர்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வண்டியில் நான் போகவில்லை. ஆனாலும், இதே சென்னையில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராக நெடுநாள் வேலை பார்ப்பவன் என்ற முறையில், அந்த வரியை விழுங்கிக்கொள்ள என்னால் இயலவில்லை.

பெயரும் இடமும் கிழமையும் கேட்பது ரேஷன் கார்டில் சேர்ப்பதற்காக அல்ல. நினைவு எவ்வளவு தடுமாறியிருக்கிறது என்று அப்போதே குறித்துக் கொடுத்தால்தான், அவர் தேறுகிறாரா, மோசமாகிறாரா என்பது மருத்துவமனையில் புரியும். கேட்டு முடித்ததும், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவோம். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழ், நினைவுத் தடுமாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே, தொற்று உடல் முழுவதையும் தாக்கத் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும் என்பது தங்கள் மருத்துவப் பகுதியில் எழுதும் டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் நிருபர் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

பெரம்பூரில் ஒரு வீட்டில், “அம்மாவுக்கு ஜன்னி கண்டுடுச்சு, சீக்கிரம் ஏத்துங்க சார்” என்று மகள் கதறினார். விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தால் சர்க்கரை 42-க்கு இறங்கியிருந்தது. காய்ச்சலில் சோறு இறங்கவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்திருக்கிறார்கள். தன்னிலை இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தொலைபேசியில் இருந்த மருத்துவரின் ஒப்புதலோடு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். கூடத்தை விட்டு ஸ்ட்ரெச்சர் வெளியே வருவதற்குள், அந்த அம்மாள் மகளைப் பெயர் சொல்லி அழைத்து, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டார். மாத்திரையின் வேகத்தில் சர்க்கரை மறுபடி இறங்கும், காய்ச்சலுக்கும் காரணம் தெரிய வேண்டும் என்பதால் மருத்துவமனைக்கும் கொண்டுபோனோம். தங்கள் நிருபர் அங்கே இருந்திருந்தால் இதையும் நேரத்தைக் கடத்தியது என்றுதான் எழுதியிருப்பார்.

இது புதிதும் அல்ல. கத்திரி வெயிலில் வேளச்சேரி சாலையோரம் விழுந்து கிடந்த கட்டடத் தொழிலாளியை, “சரக்கு போட்டிருக்கான், விடுங்க” என்றது கூடியிருந்த கூட்டம். உடல் சூடு 104-ஐத் தாண்டி, பேச்சும் குழறினால் அது வெயில் தாக்கு. முதலில் குளிர வைத்து, பிறகுதான் ஏற்ற வேண்டும். நாங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதைக் கைப்பேசியில் படம் பிடித்தவர்களில் ஒருவர்கூட இன்னொரு குடம் கொண்டுவரவில்லை. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச் 22 அன்று எங்களுக்காகக் கைதட்டிய மாடியிலிருந்தே, அடுத்த சில வாரங்களில் ‘இந்தத் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவராதீர்கள்’ என்ற குரலும் வந்தது. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இலேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அண்ணா சாலையில் எங்கள் சைரனை முந்திச் செல்லும் கார்க்காரர்களை யார் தடுத்தார்கள் என்பதைத் தாங்களே அறிவீர்கள். அங்கே கரையும் நேரத்தைப் பற்றி எழுத யாருக்கும் பேனா எழவில்லை. நோயாளியின் கட்டிலருகே நாங்கள் நிற்கும் சில நிமிடங்கள்தாம் கண்ணை உறுத்துகின்றன. போகட்டும், வண்டியில் வரும் இருவரையும் ‘டிரைவர்கள்’ என்று எழுதும் வழக்கத்தையாவது தங்கள் நாளிதழ் விட்டிருக்கிறதே என்று ஆறுதல் கொள்கிறேன்.

மறுப்பு வெளியிடுமாறு நான் கேட்கவில்லை. அதற்கெல்லாம் தங்கள் பக்கங்களில் இடமிருக்காது. மழைக்காலம் தொடங்கி டெங்குக் காய்ச்சல் பரவுவதற்குள், வீட்டில் காய்ச்சல்காரர் புலம்பத் தொடங்கினால், கடைசியாக எப்போது தெளிவாகப் பேசினார் என்பதைக் குறித்துவைத்து, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுத் தயாராக வைக்கும்படி, எங்காவது ஒரு மூலையில் நான்கு வரி வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.